சவரக்கத்திக்குக் கூர் தருவது கல்லா, சேறா?

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடக்கிறதா? மழுங்கிய கத்திதானே என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல கல்லும் கொஞ்சம் தண்ணீரும் பொறுமையும் இருந்தால் அது மீண்டும் முகம் வழிக்கும். ஆனால் முறை தெரியாமல் தீட்டினால், பேரன் காலம்வரை உழைக்க வேண்டிய கத்தி ஒரே நாளில் பாழாகிவிடும்.

மரம் சீவியவர்களுக்கு உளி தீட்டுவது கைவந்த கலை. தண்ணீர் தெளித்துத் தேய்க்கும்போது கல்லின் மேல் சேறு படிவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அழுக்கென்று கழுவிவிடுவார்கள். சவரக்கத்தி தீட்டுவோரோ அந்தச் சேற்றை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். ஏன் தெரியுமா?

பெல்ஜியத்து மஞ்சள் கல்

பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சால்ம் ஊரை ஒட்டி, 'கோட்டிக்யூல்' என்னும் வெளிர்மஞ்சள் கல் கிடைக்கிறது. நிலத்தடியில் மெல்லிய அடுக்காக இருப்பதாலும் எளிதில் உடைவதாலும், பெரும்பாலும் அதற்கு அடியில் வேறொரு கல்லை ஒட்டி விற்பார்கள். அதனுள் கார்னெட் என்னும் மணிக்கல்லின் நுண்துகள்கள் நிறைந்துள்ளன. ஒரு மில்லிமீட்டரை 100 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு துகள்!

இந்தக் கல்லோடு அதே இனக் குட்டிக்கல் ஒன்றையும் வைத்துக்கொள்வார்கள். தாய்க்கல்லில் சில துளி நீர் விட்டுக் குட்டிக்கல்லால் வட்டமாகத் தேய்த்தால், பால் போன்ற சேறு வரும். கல்லிலிருந்து கழன்ற துகள்கள் கத்திக்கும் கல்லுக்கும் நடுவே உருண்டு, இரும்பை விரைவாக அராவுகின்றன. சேறு கறுத்து வந்தால் இரும்பு தேய்கிறது என்று பொருள்.

தீட்டும் முறை

கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படியவேண்டும். முதுகைத் தூக்கினால் சாய்வு கெட்டுவிடும். கல்லின் மேலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல் கூர்ப்பக்கம் முன்னே செல்லட்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். கூரின் மேல் திருப்பக் கூடாது. அழுத்தமும் வேண்டாம்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெட்டியான சேறு வேகமாக வேலை செய்யும். ஆனால் அதே துகள்கள் மெல்லிய கூரின் நுனியில் மோதி, அதைச் சற்று மழுக்கியும் விடும். ஆகவே சிறிது நேரம் தீட்டியபின் இரண்டு துளி நீர் சேருங்கள். மீண்டும் தீட்டி, மீண்டும் நீர் சேருங்கள். சேறு நீர்த்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் கல்லையும் கத்தியையும் கழுவி, வெறும் தண்ணீரில், கத்தியின் சொந்த எடை மட்டும் படும்படி தீட்டி முடியுங்கள். பிறகு தோல்வாரில் முதுகு முன்செல்லும்படி இழுங்கள்.

ஜப்பானியர் இந்தக் குட்டிக்கல்லை 'நகுரா' என்பார்கள். மிக்காவா பகுதியின் நகுராக்களில் போத்தான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று வகைகள் உண்டு. சொரசொரப்பானதில் தொடங்கி நுண்மையானதில் முடிப்பது அவர்கள் வழக்கம்.

இவற்றை மறக்காதீர்கள்

உளி தீட்டும் சொரசொரப்பான கல்லைக் குட்டிக்கல்லாகப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஒரு பருந்துகள் போதும், கூரில் கீறல் விழ. எண்ணெய் ஊறிய கல்லில் சேறு சரியாக வராது. கூரில் பல் விழுந்திருந்தாலும், துரு ஆழமாக அரித்திருந்தாலும், சேறு மட்டும் உதவாது, அனுபவசாலியிடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இது: ஒரு கத்தி ஒரு முகத்துக்கு மட்டுமே! அண்ணன் தம்பியானாலும் மாற்றிக்கொள்ள வேண்டாம். 'ஹெபடைடிஸ் பி' என்னும் ஈரல் நோய்க் கிருமி, உலர்ந்த இரத்தத்தில் 7 நாட்களுக்குக் குறையாமல் உயிரோடிருக்கும். கல்லும் சேறும் தோல்வாரும் கிருமியைக் கொல்லா. முடிதிருத்தும் கடையிலும், பிள்ளைக்கு மொட்டை போடும் இடத்திலும், உங்கள் கண்ணெதிரே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை.