சிப்பந்திக் கணக்கும் கணினியும்

ஜவுளி வியாபாரத்தில் சரக்குக் கணக்கைக் காட்டிலும் சிக்கலானது சிப்பந்திகளின் கணக்கே என்பதை, ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி வரையில் ஒரு பெரிய கடையை நிர்வகித்தவர்கள் நன்கு அறிவார்கள். புடவைக்கு ஒரே விலைதான். அதை விரித்துக் காட்டும் பெண்ணுக்கோ சேர்ந்த தேதி, வார விடுமுறை, வாங்கிய முன்பணம், ஓவர்டைம், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. என்று மாதந்தோறும் மாறும் விவரங்கள் அநேகம். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, ஒன்று மாறினால் அதைச் சார்ந்த மற்றவையும் தாமே மாறும்படி இணைத்து வைத்திருக்கும் கணினி ஏற்பாட்டுக்குத்தான் மனிதவளத் தகவல் அமைப்பு என்று பெயர்.

கணினியைக் கொண்டு சம்பளக் கணக்குப் போடும் வழக்கத்தின் ஆரம்ப காலத்திலேயே தேநீர்க் கடைக்காரர்கள் அதில் முன்னின்றார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளால் பிரசித்தி பெற்ற ஜே. லயன்ஸ் கம்பெனியார், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் எட்சாக் கணினியைப் பின்பற்றி ‘லியோ’ என்ற யந்திரத்தைத் தாமே நிர்மாணித்து, 1951-இல் ரொட்டிச் சாலைக் கணக்குகளுக்கும், சில ஆண்டுகளுக்குள் சம்பளக் கணக்குக்கும் அதை உபயோகிக்கலானார்கள். கைதேர்ந்த குமாஸ்தா ஒருவருக்கு ஒரு சிப்பந்தியின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிஷம் பிடித்ததென்றால், லியோவுக்கு 1.5 வினாடியே போதுமானதாயிருந்தது.

வேகம் அன்றே கைவந்துவிட்டது; கணக்குக்குள் போகும் விவரம் உண்மையானதா என்பதுதான் இன்றைய பிரச்சினை. கடையில் நிறுவியிருக்கும் கைரேகை யந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அது பொதுவாக விரலின் படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. ரேகைகள் முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் குறித்து, அவற்றின் அமைப்பை எண்களாக்கிச் சேமித்துக்கொண்டு, மறுநாள் வைக்கப்படும் விரலில் அதையே தேடுகிறது. ஆதலால், தரை கழுவியும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்த கைகளை அது சில வேளைகளில் அறிந்துகொள்வதில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் பதிவாகாமல், வேலைக்கு வந்த அம்மாளுக்கு ‘ஆப்சென்ட்’ விழுந்து, மாதக் கடைசியில் கூலி குறையுமானால், மேற்பார்வையாளர் அதைத் திருத்துவதற்கு வழி வைக்காத நிர்வாகமே அதற்குப் பொறுப்பாகும்.

இதனினும் கவனிக்க வேண்டியது வெளியேறும் நேரம். தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்து, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டுமென்று விதித்திருக்கிறது. பண்டிகைக் காலத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கும் வேலை நெடுநேரம் நீடிக்கும். சிப்பந்திகளை முதலில் ‘அவுட் பஞ்ச்’ வைத்துவிட்டு வரச்சொல்லிப் பிறகு மடிக்கச் செய்தால், அந்த உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை; கணினியோ தனக்குக் கிடைத்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு பைசா பிசகாத சம்பளச் சீட்டைத் தயாரித்துவிடும். அச்சீட்டின் சுத்தத்தைக் கண்டு யாரும் சந்தேகிப்பதுமில்லை.

ஆகவே, இவ்வமைப்பை வாங்க விரும்பும் முதலாளிகள் அதில் சிப்பந்திக்கு என்ன தெரியும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். தம் கைபேசியில், தமிழில், அன்று பதிவான நேரத்தையும், ஓவர்டைமையும், ஈ.எஸ்.ஐ.க்காகத் தம்மிடம் பிடித்த 0.75 சதவீதத்தையும், முதலாளி செலுத்த வேண்டிய 3.25 சதவீதத்தையும் அவர் பார்க்கக்கூடியதாயிருத்தல் அவசியம். நேற்றிரவு மடித்த புடவைகளின் நேரம் விட்டுப்போயிருந்தால், சம்பள நாள் வரையில் காத்திராமல், மறுநாள் காலையிலேயே தேதியைச் சுட்டிக்காட்டி அவர் கேட்கலாம்.