நீளமான ஒரு வரி

420 மெகாபைட் நிரலுக்குள் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால், மொத்தத்தையும் ஒரு முறை வாசித்தே தீர வேண்டும் என்றுதான் தோன்றும். ரஸ் காக்ஸ் 2012இல் திறமூலமாக வெளியிட்ட ‘கோட்சர்ச்’ என்ற தேடல் கருவி அப்படிச் செய்வதில்லை. எதையெல்லாம் வாசிக்காமல் விடலாம் என்பதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம்.

‘சரவணபவ’ என்று தேடுவதாக வையுங்கள். ஆறெழுத்து. மும்மூன்றாக நகர்த்தி வெட்டினால் சரவ, ரவண, வணப, ணபவ. ஒவ்வொரு துண்டும் எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் போதும். நான்கு பட்டியலிலும் தலைகாட்டும் கோப்புகளை மட்டும் திறந்து பார்க்கலாம். லினக்ஸ் 3.1.3இன் 420 மெகாபைட் மூலநிரலுக்கு இந்த அடைவு 77 மெகாபைட்தான்.

உண்மையில் கோட்சர்ச் வெட்டுவது எழுத்தை அல்ல, பைட்டை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘ச’ தனியாகவே ஒரு முழுத் துண்டு. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’, கணினிக்குள் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகி, 15 பைட்டைப் பிடித்துக்கொள்கிறது.

இது வேடிக்கையான தகவலாக மட்டும் நின்றிருக்கலாம். ஆனால் கோட்சர்ச்சின் நிரலுக்குள் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது: 2000. எந்த வரியாவது 2000 பைட்டைத் தாண்டினால் கோப்பு முழுவதையும் அடைவில் சேர்க்காதே என்று பொருள். ஒரே வரியாக நசுக்கிய ஜாவாஸ்கிரிப்டை ஒதுக்க இப்படியொரு வரம்பு தேவைதான். ஆங்கிலத்தில் அவ்வளவு நீள வரியைக் கையால் எழுதுவது அரிது. தமிழிலோ 667 குறிகளிலேயே எல்லை கடந்துவிடும். என்டர் தட்டாமல் எழுதிய ஒரு நல்ல பத்தி போதும். அந்தப் பத்தி இருக்கும் விளக்கக் கோப்பே தேடலிலிருந்து காணாமல் போகும்.

திறமூலம் என்பதால் யாரும் நகலெடுத்துத் திருத்தி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கலாம். முதலில் கை போவது 2000த்தை 6000 ஆக்கத்தான். மாற்றக் கோப்பில் கழித்தல் குறியோடு பழைய வரி, கூட்டல் குறியோடு புதிய வரி, வேலை முடிந்தது. பராமரிப்பாளர் விடமாட்டார்: நசுக்கிய குப்பையும் கூடவே உள்ளே வருமே?

எண்ணைத் தொடாமல், எண்ணும் விதத்தை மாற்றுவதே மேல். யூடிஎஃப்-8இல் ஓர் எழுத்தின் இரண்டாவது, மூன்றாவது பைட்டுகள் எப்போதும் 10 என்ற இரு பிட்டுகளோடுதான் தொடங்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் தமிழ்க் குறிக்கும் ஒன்று, ஆங்கில எழுத்துக்கும் ஒன்று. ஒரே ஒரு நிபந்தனைதான் கூடுகிறது.

அதோடு இரண்டு சோதனைகளும் போக வேண்டும். 700 தமிழ்க் குறிகள் கொண்ட வரி: பழைய நிரலில் தோற்று, புதியதில் தேற வேண்டும். 2001 ஆங்கில எழுத்துகள் கொண்ட வரி: இரண்டிலுமே ஒதுக்கப்பட வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய வரம்பு உடையவில்லை என்பதற்கு அதுதானே சாட்சி.

மாற்றம் ஏற்கப்பட்டாலும் அன்றே எதுவும் தெரியாது. பழைய அடைவில் அந்தக் கோப்பின் சுவடே இல்லை. புதிய நிரலை நிறுவி, அடைவை மறுபடி கட்டும்வரை தமிழ்ப் பத்தி இருக்கும் இடத்திலேயேதான் இருக்கும்; தேடினால் விடை மட்டும் வராது.