வயிற்றெரிச்சலுக்கு எல்லைக் கோடு இல்லை!

சித்தூர்: காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் ரயிலில் ஏறினால், ஒரே பெட்டியில் தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழும். அண்மையில் அப்படி ஒரு பயணத்தில் எதிர் இருக்கையில் இரண்டு பெண்மணிகள். ஒருவர் தமிழ் பேசினார், மற்றவர் தெலுங்கு பேசினார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. புது வீடு கட்டியதிலிருந்து ஓரகத்தி முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

"எல்லாம் வயிற்றெரிச்சல்தான்" என்றார் தமிழ் அம்மாள்.

"அவுனு, கடுப்பு மண்ட" என்று ஆமோதித்தார் மற்றவர்.

தெலுங்கில் 'கடுப்பு' என்றால் வயிறு, 'மண்ட' என்றால் எரிச்சல். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வூர் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953-ல் ஆந்திரம் பிறந்தது. 1960-ல் திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. எல்லைக் கோடு எப்படி நகர்ந்தாலும் இரு தரப்பாருக்கும் எரிவது வயிறுதான்!

'பொறாமை' என்பதும் அப்படியே. பிறர் வாழ்வைப் பொறுக்க முடியாமை என்பதே அதன் பொருள். தெலுங்கர் 'ஓர்வலேனிதனம்' என்பர். அதற்கும் பொறுக்க முடியாத தன்மை என்றே அர்த்தம். வடமொழி நிகண்டான அமரகோசமும் ஈர்ஷ்யை என்பதற்குப் பொறுமையின்மை என்று பொருள் தருகிறது. வள்ளுவர் 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குறள்களால் விலக்கச் சொல்லும் 'அழுக்காறு', பிறர் ஆக்கம் பொறாமை என்பார் பரிமேலழகர். ஆந்திர லாரிகளின் பின்புறம் "நன்னு சூசி ஏடவகுரா" என்று எழுதியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். 'என்னைப் பார்த்து அழாதேடா' என்று பொருள். பொறாமைப்படுவதை அழுகை என்றே சொல்லிவிட்டார்கள்!

'அசூயை' சற்று வேறு. பிறரிடமுள்ள நல்ல குணத்தின் மேலும் குற்றம் ஏற்றுவதே அசூயை என்கிறது அதே அமரகோசம். பொறாமை வயிற்றோடு நிற்கும். அசூயை நாக்குக்கு வந்துவிடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இலாகா பரீட்சை எழுதினேன். பக்கத்து மேஜை நண்பர் தேறினார், நான் தேறவில்லை. அநியாயத்துக்கு ஆளானவன் வயிறும் எரியும் அல்லவா? என்னுடையது அந்த எரிச்சல்தான் என்று சாதித்தேன். அவருடைய உழைப்பைக் 'காக்காய் பிடிப்பது' என்றேன். நாலு பேரிடம் சொல்லியும் ஆறவில்லை. வீட்டிலும் ஆரம்பித்தேன்.

"அவர் ராத்திரியெல்லாம் கண்முழிச்சுப் படிச்சப்போ நீங்க சீட்டுக் கச்சேரியிலே இருந்தீங்களே?" என்றாள் மனைவி. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்துடன் நண்பர் மேஜைக்குப் போனேன். நான் பேசியதெல்லாம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "வாப்பா, உனக்காகத்தான் டீ சொல்லாமல் இருக்கேன்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

'பொறை' என்றால் பொறுமை. சுமை என்றும் ஒரு பொருள் உண்டு. அடுத்தவர் உயர்வைப் பொறுத்துக்கொள்வதும் ஒரு சுமைதான். ஆனால் அன்று அதைத் தூக்கிய பிறகுதான் என் மனம் லேசாயிற்று. அடுத்த முறை வயிறு எரியும்போது, எரிவது நியாயத்துக்காகவா, அடுத்தவர் வாழ்வுக்காகவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. அதுவும், நாக்கு புரள்வதற்கு முன்பே!