இடது பக்கம் இழுக்கும் செஸ்னா

கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு முதல் நாள் பெரும்பாலும் இதுதான் நடக்கும். செஸ்னா 172-ஐ ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிறுத்தி, த்ராட்டிலை ஒரே தள்ளாக முழுக்கத் தள்ளுவோம். விமானம் கொஞ்ச தூரம் நேராக ஓடும். பிறகு இடது பக்கம் ஒதுங்கிப் புல்லுக்குள் இறங்கிவிடும். ஜாய்ஸ்டிக் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு. நானும் கழற்றினேன். உள்ளே கோளாறு ஒன்றும் இல்லை.

கோளாறு கருவியிலா விமானத்திலா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, விமானத்தை வெளியிலிருந்து பாருங்கள். வாலில் செங்குத்தாக நிற்கும் பகுதியின் பின்பக்கம் அசைகிறதே, அதுதான் ரட்டர். அது தானாக ஒரு பக்கம் திரும்பி நின்றாலோ, நடுங்கிக்கொண்டே இருந்தாலோ, பிழை கருவியில். ஜாய்ஸ்டிக்கை மறுபடி அளவீடு செய்து, நடுவில் உணர்வற்ற பகுதியைச் சற்றுக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேம்பேடும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்து செருகியிருந்தால், இரண்டுக்கும் ரட்டர் வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று சொல்வதை மற்றொன்று மாற்றிக்கொண்டிருக்கும். வானிலை அமைப்பில் காற்றைப் பூஜ்யமாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

ரட்டர் நடுவிலேயே நிற்கிறது, காற்றும் இல்லை, ஆனாலும் இடது பக்கம்தான் இழுக்கிறதா? அப்படியானால் மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். நிஜ செஸ்னாவும் இப்படித்தான் இழுக்கும்.

விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் செஸ்னாவின் ப்ரொப்பெல்லர் கடிகார முள் போல வலமாகச் சுற்றுகிறது. அதற்கு எதிர்வினையாக விமானத்தின் உடல் இடது பக்கம் சாயப் பார்க்கும். இடச் சக்கரத்தில் பாரம் கூடி, அந்தப் பக்கம் உராய்வும் கூடும். ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்றோ நேராகப் பின்னால் போகாமல், உடலைச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் மோதும். வால் வலது பக்கம் தள்ளப்பட, மூக்கு இடது பக்கம் திரும்பும். தரையை விட்டு மூக்கு தூக்கியதும் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: வலப்பக்கம் கீழிறங்கும் இதழ் காற்றை அதிகச் சாய்வில் வெட்டுவதால் கூடுதலாக இழுக்கும். வேகம் குறைவாகவும் இன்ஜினின் விசை முழுதாகவும் இருக்கும் நேரத்தில் இவையெல்லாம் பெரிதாகத் தெரியும். விண்ணில் சீராகப் பறக்கும்போது அவ்வளவாகத் தெரியாது.

ஆகவே மருந்து வலது காலில் இருக்கிறது. த்ராட்டிலை மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டு நிதானமாகத் தள்ளுங்கள். கூடவே வலது ரட்டரைக் கொடுத்து வாருங்கள். பெடல் இல்லாதவர்கள் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் முறுக்கினால் போதும். ரட்டரைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி மென்பொருளில் இருக்கிறது. முதல் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைத்தால் கால் பழகாது. 172எஸ் ரகத்தில் 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கி, 74 நாட்டில் ஏறுங்கள்.

இன்ஜினே கிளம்பவில்லை என்பது அடுத்த புகார். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு 172-இன் செய்முறையை இன்னொரு 172-இல் செய்தவர்கள். ஃப்ளைட்கியர் மென்பொருளில் வரும் 1980களின் 172பி ரகத்தில் இருப்பது கார்புரேட்டர். ப்ரைமரை மூன்று நான்கு முறை அடித்து, எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சரை முழுக்க உள்ளே தள்ளி, ஸ்டார்ட்டரைத் திருப்ப வேண்டும். எக்ஸ்-பிளேன் மென்பொருளில் வரும் 172எஸ்ஸில் எரிபொருள் நேரே பீய்ச்சப்படுகிறது. அதில் துணைப் பம்பைப் போட்டு, மிக்ஸ்சரைச் சில விநாடி மட்டும் திறந்து மூடி, பம்பை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் சுற்றி இன்ஜின் பற்றிய பிறகே மிக்ஸ்சரை மெல்ல உள்ளே தள்ள வேண்டும்.

இறங்கும்போது பலருக்கும் வேகம்தான் கூடிவிடுகிறது. திரை குறுகலாக இருப்பதால் உயரத்தைக் கண்ணால் கணிப்பது கஷ்டம். பயத்தில் 80 நாட்டில் வந்துவிடுகிறோம். ஃப்ளாப்ஸ் முழுக்க இறக்கிய 172எஸ்ஸுக்கு 65 நாட் போதும். அதற்கு மேல் வந்தால் விமானம் ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும். ட்ரிம் சக்கரத்தைத் திருப்பி அந்த வேகத்தில் விமானத்தை நிற்கவைத்துவிட்டால், கையின் அழுத்தம் இல்லாமலே அது அதே வேகத்தில் வரும். கடைசி நேரத்தில் மூக்குக்குக் கீழே பார்க்காமல், ஓடுபாதையின் மறுகோடியைப் பாருங்கள்.

தரையில் பட்டுத் துள்ளினால் மூக்கைக் கீழே அழுத்தாதீர்கள். முன்சக்கரம்தான் முதலில் உடையும். த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, ஃப்ளாப்ஸை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். த்ராட்டிலைத் தள்ளிய அந்த நொடியே மூக்கு இடது பக்கம் போகும். வலது கால் தயாராக இருக்கட்டும்.