கெண்டை மீன் மட்டும் செத்தால் என்ன காரணம்?



குளத்தில் மீன் செத்து மிதந்தால் லயத்தில் முதலில் கிளம்பும் பேச்சு, "யாரோ நஞ்சு போட்டுட்டாங்க" என்பதுதான். பிறகு வீட்டுக்கு வீடு சண்டை. நஞ்சும் காரணமாகலாம். ஆனால் மீனுக்கும் வைரஸ் நோய் உண்டு என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கெண்டை இனத்தைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ்களில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, கெண்டை அம்மை. மெழுகு உருகி ஒட்டினது போல தோலிலும் செட்டையிலும் தடிப்பு வரும். குஞ்சுகள் சாகலாம், பெரிய மீன் பெரும்பாலும் தப்பிவிடும்.

இரண்டாவது, தொட்டியில் வளர்க்கும் தங்கமீனுக்கு வருவது. 1992இல் ஜப்பானில் கண்டார்கள்.

மூன்றாவதுதான் பொல்லாதது. கெண்டையையும் அழகுக்கு வளர்க்கும் கொய் மீனையும் கொல்லும். 1998இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் மீன்கள் கூட்டமாகச் செத்தன. 2002இல் இந்தோனேசியாவிலும் பரவியது. 2003இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் ஆயிரம் டன்னுக்கு மேல் கெண்டை அழிந்தது. தண்ணீரின் சூடு 18 முதல் 28 பாகை வரை இருக்கும்போதுதான் இது கடுமையாகத் தாக்கும். மலைநாட்டுக் குளங்கள் பலவும் இந்த அளவில்தான் இருக்கின்றன.

எப்படி அடையாளம் காண்பது? பூவில் வெள்ளைத் திட்டு, குழிந்த கண், சொரசொரப்பான தோல். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஓரிரு நாளில் சாகும். கெண்டை மட்டும் நாள்தோறும் செத்து, திலாப்பியா நன்றாக இருந்தால் நோயைச் சந்தேகியுங்கள். மீன், தவளை, பூச்சி எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் நஞ்சாக இருக்கலாம். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளும் மாடுகளும் தொடக்கூடாது. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து திணறினால், தண்ணீரில் காற்று குறைந்திருக்கும்.

இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. என்றாலும் செத்து மிதக்கும் மீனைச் சமைக்க வேண்டாம். எதனால் செத்தது என்பது பார்த்தவுடன் தெரியாதே.

இதற்கு மருந்து கிடையாது. தடுப்பு நம் கையில்தான்:

• புதுக் குஞ்சுகளை நாலு கிழமையாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.
• ஒரு குளத்து வலையையும் வாளியையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்த குளத்தில் போடாதீர்கள்.
• செத்த மீனை ஓயாவில் எறியாதீர்கள். தண்ணீருக்குத் தூரத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.
• தப்பிய மீனை வேறு குளத்துக்குக் கொடுக்காதீர்கள். பார்வைக்குச் சுகமாக இருந்தாலும் அது நோயைச் சுமக்கும்.

மீன் சாகத் தொடங்கிய அன்றே மீன்பிடி அதிகாரிக்குச் சொல்லுங்கள். பரிசோதித்தால் காரணம் தெரிய வழியுண்டு. அதுவரை பக்கத்து வீட்டாரைக் குற்றம் சொல்லாதிருப்போம்.