உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும்: கொளுக்கிப் பாரம் அறிந்து ஏற்றுதல்

காலபோக அறுவடை முடிந்து, இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ் விளைந்த நெல்லைக் களஞ்சியம் சேர்க்குங் காலத்தில் இழுவைப் பெட்டிக்கு ஓய்வில்லை. அப்பொழுது பெட்டியில் எவ்வளவு ஏற்றினோம் என்பதைக் கமக்காரர் பலரும் கவனிக்கின்றனர். எவ்விடத்தில் ஏற்றினோம் என்பதைச் சிலரே கவனிக்கின்றனர். முன்சில்லு மேலெழுந்து இயந்திரம் கவிழின், ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாகும்.

மாட்டு வண்டில் ஓட்டிய நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும். இரு சில்லுப் பெட்டிக்கும் இதுவே விதி. இங்கே மாட்டின் கழுத்துக்குப் பதிலாக இயந்திரத்தின் கொளுக்கி பாரத்தைத் தாங்குகின்றது. கொளுக்கியைக் கீழ்நோக்கி அழுத்தும் இந்நிறையே கொளுக்கிப் பாரம் எனப்படும்.

உதாரணமாக, 50 கிலோ நெல் மூட்டைகள் 40 ஏற்றினால் 2,000 கிலோ ஆகும். பெட்டியின் அச்சுக்கும் கொளுக்கிக்கும் இடையே 3 மீற்றர் தூரம் எனக் கொள்வோம். மூட்டைகளின் நடுப்பாரம் அச்சுக்கு 30 சதம மீற்றர் முன்னால் இருப்பின், பத்தில் ஒரு பங்காகிய 200 கிலோ கொளுக்கியை அழுத்தும். 60 சதம மீற்றர் முன்னால் இருப்பின் 400 கிலோ அழுத்தும். அச்சுக்குப் பின்னால் இருப்பின் கொளுக்கி மேல்நோக்கித் தூக்கப்படும். பின்சில்லுகள் பிடிப்பிழந்து வழுக்கும், வீதியிற் பெட்டி வாலாட்டும்.

நான்கு சில்லு இயந்திரமொன்று 1,500 கிலோ நிறையுடையதாகவும், அதில் 550 கிலோ முன்சில்லுகளில் நிற்பதாகவும் கொள்வோம். அச்சுகளின் இடைவெளி 180, கொளுக்கி பின் அச்சுக்குப் பின்னால் 60 சதம மீற்றர். 400 கிலோ கொளுக்கிப் பாரம் முன்சில்லுகளிலிருந்து 133 கிலோவைக் கழித்துவிடும். குளக்கட்டில் ஏறும்போது இழுவிசை 500 கிலோ அளவாயின், 50 சதம மீற்றர் உயரக் கொளுக்கியில் மேலும் 139 கிலோ குறையும். எஞ்சுவது 278 கிலோ. மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 300 கிலோவாவது, முன்சில்லுகளில் நின்றாலே திருப்பற்பிடி நம் சொற்படி கேட்கும். அதே பெட்டியை 90 சதம மீற்றர் உயரத்திற் பூட்டினால் எஞ்சுவது 167 கிலோ மட்டுமே. உயரப் பூட்டுதல் எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

கொளுக்கிப் பாரத்தை அறிவது எளிது. ஏற்றிய பெட்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்கு அடைகல் வைக்கவும். ஏர்க்காலின் நுனியை, பூட்டும்போது இருக்கும் உயரத்தில், மரக்குற்றியின் மீது மேடைத் தராசில் வைத்து நிறுக்கவும். தராசு போதாதாயின், உறுதியான பலகையொன்றின் ஒரு முனையைத் தராசிலும் மறு முனையைக் கல்லிலும் வைத்து, நடுவில் நுனியைத் தாங்குக. தராசு காட்டுவதன் இருமடங்கே உண்மையான பாரம். இதனை இயந்திரத்தின் கைந்நூலிற் கூறிய எல்லையுடன் ஒப்பிடுக.

பின்வருவனவற்றை மறவாதீர்:

1. மூட்டைகளை அச்சின் மேலாகப் பரப்பி, சிறிதளவே முன்பாரமாக அடுக்குக. பூசணி, வெங்காயம் போன்றவற்றை முன்பலகையோடு குவிக்கற்க.
2. தாழ்ந்த இழுவைச் சட்டத்திலன்றி, மேற்புயத்திற் பெட்டியைப் பூட்டற்க.
3. பூட்டாணிக்குத் தடுப்பூசியும் காப்புச் சங்கிலியும் இடுக.
4. தடுப்புக் கருவியற்ற பாரப் பெட்டி, இறக்கத்தில் இயந்திரத்தைப் பின்னிருந்து தள்ளும். ஏறுமுன்னரும் இறங்குமுன்னரும் தாழ்ந்த கியருக்கு மாறுக. இறக்கத்திற் கிளச்சை மிதியற்க.
5. ஏர்க்காலின் மீது ஒருவரையும் ஏற்றற்க.

பாரம் மிகுமாயின் இரண்டு முறை சென்று வருவதே சிக்கனம். ஒரு நடைக்கு மேலதிகமாகும் எரிபொருளின் விலை சிறிது. கட்டிற் கவிழ்ந்த இயந்திரத்தாலும் இழந்த உயிராலும் ஒரு குடும்பம் அடையும் நட்டமோ ஈடு செய்ய முடியாதது.