பழைய கேமராவா... புது கேமராவா? திருவண்ணாமலையில் டெஸ்ட் வெச்சுப் பாருங்க!

'கேமரா வாங்கலாம்னு இருக்கேன், எது ப்ரோ பெஸ்ட்?' இந்தக் கேள்வியை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டிருப்பீங்க. ஒருத்தர், 'லேட்டஸ்ட் மிரர்லெஸ் எடு, இ.எம்.ஐ போட்டுக்கலாம்' என்பார். இன்னொருத்தர், 'பத்து வருஷப் பழைய டிஎஸ்எல்ஆரே தாராளம்' என்பார். ஆனா, நீங்க எதைப் படம் எடுக்கப்போறீங்கன்னு ரெண்டு பேருமே கேட்டிருக்க மாட்டாங்க. பதில் இருப்பது அங்கேதான்.

அதனால ஒரு ஊரை எடுத்துக்குவோம், திருவண்ணாமலை. 217 அடி ராஜகோபுரம், 2,668 அடி மலை, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பளிச் வெயில், அந்தி வெளிச்சம், நள்ளிரவுக் கூட்டம்னு ஒரு கேமராவுக்கு வைக்க வேண்டிய எல்லாப் பரீட்சையும் இங்கே இருக்கு. சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. கோயில்களுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுவிட்டது. ஆக, நம்ம சிலபஸ் கோயிலுக்கு வெளியேதான்.

பகல்: பழசே பாஸ்!

ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. காலையில் முகம் முழுக்க வெயில் விழும். கந்தாசிரமம் போகும் வழியில் மேலேயிருந்து பார்த்தால் மொத்தக் கோயிலும் காலுக்குக் கீழே தெரியும். இதுக்கெல்லாம் எத்தனை மெகாபிக்சல் வேணும்?

ஏ4 தாளில் தரமா பிரின்ட் போட 3,508 x 2,480 பிக்சல் போதும். அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. 2008-ல் வந்த நிக்கான் டி90-ல் இருப்பதே 12.3 மெகாபிக்சல். நல்ல வெளிச்சத்தில் அதில் எடுத்த படத்தையும் இன்றைய புது கேமராவில் எடுத்த படத்தையும் போன் ஸ்கிரீனில் பக்கத்துல பக்கத்துல வெச்சா, வித்தியாசம் சொல்றது கஷ்டம். இன்னும் நேர்மையா சொன்னா, பகலில் உங்க போனே நல்லா எடுக்கும். பகல் படங்களுக்காக மட்டும் கேமரா வாங்கத் தேவையில்லை.

அந்தி: டிரைபாட் இருக்கா?

கார்த்திகை தீபம் ஏற்றும்போது மாலை 6 மணி. உச்சியில் தீபம் எரிவதை ஊரிலிருந்து போனில் ஜூம் பண்ணினால் மஞ்சள் புள்ளிதான் மிஞ்சும். இங்கே தேவை புது கேமரா இல்லை, நீளமான லென்ஸ். பழைய கேனான் பாடி, செகண்ட் ஹேண்ட் 55-250 லென்ஸ், ஆடாத டிரைபாட் இருந்தால் போதும். மலை ஓடப்போறதில்லை. ஐஎஸ்ஓ-வை 100-ல் வெச்சு, ஷட்டரை ரெண்டு மூணு செகண்ட் திறந்து வைக்கலாம். ஒரு நாள் சொதப்பினாலும் கவலையில்லை, தீபம் 11 நாள் தெரியும்.

இரவு: இங்கேதான் ட்விஸ்ட்

பௌர்ணமி இரவு, நடந்துகொண்டே இருக்கும் மக்கள். டிரைபாட் இங்கே உதவாது. கேமரா ஆடாம இருந்தாலும் மனுஷங்க நகர்றாங்களே! ஷட்டர் 1/125 செகண்டாவது வேணும், வெளிச்சமோ தெருவிளக்குதான்.

'அப்போ புது கேமராதானே?' அவசரப்படாதீங்க. புது கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப் 5.6 அல்லது அதைவிடச் சின்னதாகிவிடும். தனியா விற்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6-ஐவிட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் காட்சிக்கு, இதில் 800-க்குக் கீழேயே போதும். 2016-ல் வந்த கேனான் 1300டி-க்கும் 2023-ல் வந்த ஆர்50-க்கும் இடையே சென்சார் வளர்ந்திருக்கிறது, ஆனால் 10 மடங்கு இல்லை. இரவில் உங்களைக் காப்பாற்றுவது பாடியைவிட லென்ஸ்தான்.

புதுசு ஜெயிக்கும் இடம் ஃபோகஸ். 1300டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் 9-தான், அதுவும் நடுப்பகுதியில். ஆர்50 முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்து, ஆள் நகர நகரத் துரத்தும். ஓடுற குழந்தை, பறவை, 4கே வீடியோன்னு உங்க ஆர்வம் போனால், புதுசுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

ஏன் இவ்வளவு சீப்?

2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதுசா டிஎஸ்எல்ஆர் மாடல் விடவில்லை. கல்யாண போட்டோகிராபர்கள் மிரர்லெஸுக்கு மாற, பழைய பாடிகள் சந்தையில் குவிந்துவிட்டன. பலதும் 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க:

* ஷட்டர் எத்தனை முறை அடிச்சிருக்குன்னு கேளுங்க. ஆரம்பநிலை மாடல்களின் ஷட்டர் ஆயுள் சுமார் 1 லட்சம் படம். கல்யாண வீடுகளைப் பார்த்த கேமரா சீக்கிரமே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும்.
* லென்ஸுக்குள் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, நகர்ந்துடுங்க.
* எஃப் 16-ல் வானத்தைப் படம் எடுங்க. கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைச் சுத்தம் பண்ணலாம், விலையைக் குறைச்சுக் கேளுங்க.
* நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் கையாலதான் ஃபோகஸ் பண்ணணும்.
* பல பழைய கேமராக்களில் வைஃபை இருக்காது. டைப்-சி கார்டு ரீடர் வாங்கினால் படம் நேரா போனுக்கு வந்துடும்.
* பில் கேளுங்க, சீரியல் நம்பரை ஒப்பிடுங்க. திருட்டு கேமரா தலைவலி நமக்கு வேண்டாம்.

சரி, முடிவா என்ன பண்ணலாம்?

கோபுரம், மலை, தெரு, மனிதர்கள்னு போட்டோ மட்டும்தான் ஆசையா? பழைய பாடியோடு எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்க. மிச்சமாகும் பணம் பஸ் டிக்கெட்டுக்கு ஆகட்டும். பீரோவில் தூங்கும் புது கேமராவைவிட, மாசம் ரெண்டு முறை ஊர் சுற்றும் பழசு உங்களுக்கு அதிகம் கத்துக்கொடுக்கும். வீடியோவும் வேகமும் வேணும்னா, காசு சேர்த்து புதுசுக்கே போங்க. குழப்பம் தீரலையா? ஒரு பௌர்ணமிக்கு கேமராவை வாடகைக்கு எடுத்து, 14 கிலோமீட்டர் நடந்து பாருங்க. எந்தப் படம் கைநழுவிச்சோ, அதுதான் நீங்க என்ன வாங்கணும்னு சொல்லும்.

கடைசியா ஒண்ணு. கிரிவலப் பாதை சாதுக்களை லென்ஸ் வழியா பார்க்கும் முன், 'சாமி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?'ன்னு கேளுங்க. வேண்டாம்னு கை அசைத்தால் கேமராவை இறக்கிடுங்க.